‘கம் சடன்லி’ ஏன் தப்பு? ‘சடன்லி’யை எங்கே போடுவது, எங்கே விடுவது

கேள்வி இதுதான். தண்டையார்பேட்டையிலிருந்து மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போகிறவர், வெளியூர் டிரைவர் ஒருவருக்கு ‘ப்ளீஸ் கம் சடன்லி’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். ‘சட்டுனு வா’ என்பதைத்தானே எழுதினேன், இதில் என்ன தப்பு, அப்படியென்றால் அந்தச் சொல்லை எங்கேதான் போடுவது என்று கேட்கிறார்.

முதலில் அந்த மெசேஜைச் சரிசெய்துவிடுவோம். ‘ப்ளீஸ் கம் ரைட் அவே’, ‘ப்ளீஸ் கம் இமிடியட்லி’, ‘கம் க்விக்லி’. இந்த மூன்றில் எதை எழுதினாலும் சரி. சற்று மரியாதை வேண்டுமென்றால் ‘ப்ளீஸ் கம் அஸ் சூன் அஸ் யூ கேன்’. ‘சடன்லி’ மட்டும் ஆகாது.

காரணம், ‘சடன்லி’ வேகத்தை அளக்கிற சொல்லே கிடையாது. ஒரு விஷயம் நடந்தபோது அங்கே இருந்தவர் அதற்குத் தயாராக இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது. தயாராக இரு என்று ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, கூடவே ‘எதிர்பாராமல் வா’ என்றும் சொல்ல முடியாதல்லவா? அதனால்தான் கட்டளை வாக்கியத்தில் அது ஒட்டுவதில்லை.

குழப்பம் வருவது நம் ‘சட்டுனு’, ‘டக்குனு’ இரண்டாலும்தான். இவை ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கின்றன. ‘டக்குனு வாப்பா’ என்றால் வேகம். ‘டக்குனு கரண்ட் போச்சு’ என்றால் எதிர்பாராதது. ஆங்கிலத்தில் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனி ஆள். முதல் வேலைக்கு ‘க்விக்லி’, ‘அட் ஒன்ஸ்’ வகையறா. இரண்டாவதற்குத்தான் ‘சடன்லி’.

இதற்கு நல்ல சோதனை தமிழிலேயே இருக்கிறது. நீங்கள் சொல்ல வந்த வாக்கியத்தில் ‘சட்டுனு’வை எடுத்துவிட்டு ‘திடீர்னு’ போட்டுப் பாருங்கள். ‘திடீர்னு வா’ என்று யாரும் சொல்வதில்லை, காதுக்கே இடிக்கும். அங்கே ‘சடன்லி’யும் இடிக்கும். ‘திடீர்னு கரண்ட் போச்சு’ இயல்பாக இருக்கிறது. ‘சடன்லி’யும் இயல்பாக இருக்கும். ‘சட்டுனு சாப்பிட்டுட்டுக் கிளம்பு’ என்பதில் ‘திடீர்னு’ உட்காராது. அதனால் ‘ஈட் க்விக்லி’. ‘சட்டுனு திரும்பிப் பார்த்தான்’ என்பதில் உட்காரும். அதனால் ‘ஹி சடன்லி டர்ன்ட் அரவுண்ட்’. பத்தில் எட்டு இடத்தில் இந்தச் சோதனை கைகொடுக்கும். கைவிடுகிற இடங்களைக் கீழே சொல்கிறேன்.

‘வேண்டாம்’ என்று சொல்லும் கட்டளைக்கு மட்டும் விலக்கு உண்டு. ‘திடீர்னு பிரேக் போடாதே’ என்கிறோம். அதுபோலவே ‘டோண்ட் பிரேக் சடன்லி’ சரியான ஆங்கிலம். பின்னால் வருகிற வண்டிக்காரர் தயாராக இருக்க மாட்டார் என்பதுதான் அங்கே பொருள். ரத்த அழுத்த மாத்திரை, ஸ்டீராய்டு போன்றவற்றைப் பற்றி ‘டோண்ட் ஸ்டாப் திஸ் மெடிசின் சடன்லி’ என்று எச்சரிப்பார்கள். இங்கே தயாராக இல்லாதது உடம்பு. அதனால்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்கள்.

யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பது இந்தச் சொல்லில் முக்கியம். வடசென்னைக்காரருக்கு இதைக் குத்துச்சண்டை மேடையில் காட்டினால் உடனே புரியும். கையை ஓங்குகிறவருக்கு அந்தக் குத்து ‘க்விக்’. வாங்குகிறவருக்கு அது ‘சடன்’. குத்து ஒன்றுதான், பார்க்கிற பக்கம்தான் வேறு. மூலையில் நிற்கும் பயிற்சியாளர் ‘க்விக், க்விக்’ என்று கத்தலாம், ‘சடன், சடன்’ என்று கத்த முடியாது. விம்கோ நகரிலிருந்து வருகிற மெட்ரோ நல்ல வேகத்தில்தான் நிலையத்துக்குள் நுழைகிறது. ஆனால் எத்தனை நிமிடத்தில் வரும் என்று பலகை சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதனால் அது ‘சடன்லி’ வரவில்லை. மறுபக்கம், மிக மெதுவாக நடக்கிற விஷயத்துக்கும் ‘சடன்லி’ பொருந்தும். ‘சடன்லி மை சன் இஸ் டாலர் தேன் மீ’ என்று ஓர் அப்பா சொன்னால், பையன் ஒரே ராத்திரியில் வளரவில்லை. அப்பாவின் கண்ணில் பட்டதுதான் ஒரே நொடியில். வேகத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவு அவ்வளவுதான்.

சொல்லின் வேரும் இதையே காட்டுகிறது. லத்தீனில் ‘சுப்’ என்றால் அடியில், ‘ஈரே’ என்றால் போவது. அடியிலிருந்து தெரியாமல் மேலே வந்து நிற்பது என்ற பொருளில் ‘சுபிட்டஸ்’ என்று ஒரு சொல். அதன் வழி வந்தது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சடன்’ ஆனது.

இனி, வாக்கியத்தில் எங்கே வைப்பது. தமிழில் ‘திடீர்னு’வை எங்கே தூக்கிப் போட்டாலும் வாக்கியம் நிற்கும். ‘திடீர்னு அவன் கதவைத் திறந்தான்’, ‘அவன் திடீர்னு கதவைத் திறந்தான்’, ‘அவன் கதவைத் திடீர்னு திறந்தான்’, எல்லாம் சரி. ஆங்கிலத்தில் மூன்று இடம்தான். முன்னால்: ‘சடன்லி, தி லைட்ஸ் வென்ட் அவுட்’. நடுவில்: ‘தி லைட்ஸ் சடன்லி வென்ட் அவுட்’. கடைசியில்: ‘தி லைட்ஸ் வென்ட் அவுட் சடன்லி’. இலக்கணப்படி மூன்றும் சரி என்றாலும் மூன்றும் ஒன்றல்ல. முன்னால் வைத்தால் கதை சொல்லும் தொனி வந்துவிடும், அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி போடுவது வழக்கம். நடுவில் வைப்பது சாதாரணப் பேச்சு. எதுவும் தோன்றாவிட்டால் அங்கேயே வையுங்கள். கடைசியில் வைத்தால் நடந்த விதத்துக்கு அழுத்தம் விழும். இந்த வேறுபாடு ஓர் இடத்தில் பெரிதாகிவிடுகிறது. இரங்கல் செய்தியில் ‘ஹி பாஸ்ட் அவே சடன்லி’ என்றுதான் எழுத வேண்டும். ‘சடன்லி ஹி டைட்’ என்று எழுதினால் துக்கம் போய், படக்கதை சொல்வது போலாகிவிடும்.

போடக்கூடாத இடம் ஒன்று உண்டு. வினைச்சொல்லுக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே புகுத்தக்கூடாது. ‘ஹி ஓபன்ட் சடன்லி தி டோர்’ தப்பு. ‘ஹி சடன்லி ஓபன்ட் தி டோர்’ என்பதே சரி. ‘இஸ்’, ‘வாஸ்’, ‘ஹேஸ்’ போன்ற துணைச்சொல் இருந்தால் அதற்குப் பின்னால் வரும்: ‘ஷி வாஸ் சடன்லி அஃப்ரெய்ட்’, ‘தி ரேட் ஹேஸ் சடன்லி கான் அப்’. கேள்வி வாக்கியத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குவது. ‘ஒய் சடன்லி யூ ஆர் கோயிங்?’ என்பது ‘ஏன் திடீர்னு போற?’ என்பதை அப்படியே வரிசை மாறாமல் ஆங்கிலச் சொற்களால் நிரப்பியது. ‘ஒய் ஆர் யூ சடன்லி லீவிங்?’ என்று மாற்றுங்கள். துணைச்சொல் முதலில், எழுவாய் அடுத்து, அதற்குப் பின்னால் ‘சடன்லி’.

காலம் பற்றியும் சொல்ல வேண்டும். திடீரென்று நடப்பது ஒரு புள்ளி, நீளமான கோடு அல்ல. அதனால் அதற்கு எளிய இறந்தகாலம்தான் தோது. ‘சடன்லி தி பஸ் வாஸ் ஸ்டாப்பிங்’ என்று ‘இங்’ போடுவது நம்மிடம் சகஜம். ‘தி பஸ் சடன்லி ஸ்டாப்ட்’ போதும். ‘இங்’ வர வேண்டியது பின்னணிக்கு: ‘வி வேர் க்ராஸிங் தி ட்ராக் வென் தி கேட் சடன்லி ஸ்டார்ட்டட் கமிங் டவுன்’. கொருக்குப்பேட்டை கேட்டைக் கடக்கிறவர்களுக்கு இந்த வாக்கியத்தை விளக்க வேண்டியதில்லை. கடந்துகொண்டிருந்தது கோடு, கேட் இறங்கத் தொடங்கியது புள்ளி. மழையைச் சொல்லும்போது ‘இட் சடன்லி ஸ்டார்ட்டட் ரெயினிங்’ என்று ‘ஸ்டார்ட்டட்’ சேர்ப்பது பாதுகாப்பு. ‘சடன்லி இட் வாஸ் ரெயினிங்’ என்பதும் தப்பில்லை. ஆனால் மழை தொடங்கியதைக் கவனிக்கவில்லை, நிமிர்ந்து பார்த்தால் பெய்துகொண்டிருக்கிறது என்ற பொருள் வரும். நினைவு, உணர்வு பற்றிய வினைகளோடு இந்தச் சொல் நன்றாக ஒட்டும்: ‘ஐ சடன்லி ரிமெம்பர்ட்’, ‘ஐ சடன்லி ஃபெல்ட் டிஸ்ஸி’. நம் திட்டத்தைச் சொல்லும்போது ஒட்டாது. ‘ஐ வில் கம் சடன்லி டுமாரோ’ என்றால், நாளைக்கு என்று சொல்லியாகிவிட்டதே, அப்புறம் என்ன ‘சடன்லி’?

மேலே சொன்ன சோதனை கைவிடும் இடங்களுக்கு வருவோம். பெரிய சிக்கல் ‘திடீர்’ ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும்போதுதான். தமிழில் ‘திடீர்’ எதோடும் சேரும். திடீர் சாம்பார், திடீர் மறியல், திடீர் சோதனை, திடீர் பணக்காரர், ஊருக்கு ஊர் ஒரு திடீர் நகர். எல்லாவற்றுக்கும் ‘சடன்’ போட்டால் பாதி இடத்தில் ஆங்கிலக்காரருக்குப் புரியாது. கடையில் வாங்குகிற திடீர் சாம்பார், இட்லி மிக்ஸ் எல்லாம் ‘இன்ஸ்டன்ட்’. ‘சடன் சாம்பார்’ என்றால் எங்கிருந்தோ மேலே கொட்டிய சாம்பார் என்றுதான் நினைப்பார்கள். பஸ்ஸில் செக்கர் ஏறுவது, தொழிற்சாலைக்கு அதிகாரி வருவது ‘சர்ப்ரைஸ் செக்’, ‘சர்ப்ரைஸ் இன்ஸ்பெக்‌ஷன்’. தொழிற்சங்கம் முன்னறிவிப்பில்லாமல் வேலையை நிறுத்தினால் ‘ஃப்ளாஷ் ஸ்ட்ரைக்’, பிரிட்டிஷ் வழக்கில் ‘லைட்னிங் ஸ்ட்ரைக்’. திடீர் பணக்காரரை ‘ஹி காட் ரிச் ஓவர்நைட்’ என்பார்கள். திடீர் செலவு ‘அன்எக்ஸ்பெக்டட் எக்ஸ்பென்ஸ்’.

திடீர் வெள்ளத்துக்கு ‘ஃப்ளாஷ் ஃப்ளட்’. ஆனால் இதை நம் பகுதிக்குப் போடும்போது கொஞ்சம் நிதானம் தேவை. மழை கொட்டிய சில மணி நேரத்துக்குள் சீறிப் பாய்ந்து வருவதுதான் ‘ஃப்ளாஷ் ஃப்ளட்’. வியாசர்பாடியிலும் பட்டாளத்திலும் மழைநீர் வடிய வழியில்லாமல் முழங்கால் அளவுக்கு ஏறி நாள்கணக்கில் நிற்பது ‘வாட்டர்லாகிங்’. இதில் ‘ஃப்ளாஷ்’ எதுவும் இல்லை.

‘சடன்’ சரியாகவே பொருந்துகிற பெயர்ச்சொற்களும் உண்டு: ‘சடன் பெயின்’, ‘சடன் சேஞ்ச்’, ‘சடன் நாய்ஸ்’, ‘சடன் டெத்’. கடைசியாகச் சொன்னதற்கு வியாசர்பாடிப் பையன்கள் வேறு பொருள் சொல்வார்கள், அதுவும் சரி. கால்பந்தில் பெனால்டி ஷூட்அவுட்டில் அணிக்கு 5 கிக் முடிந்தும் சமமாக இருந்தால், அதற்குப் பிறகு இரண்டு அணியும் ஒவ்வொரு கிக்காக அடிக்கும். ஒருவர் போட்டு மற்றவர் தவறவிட்ட சுற்றிலேயே ஆட்டம் முடிந்துவிடும். அதுதான் ‘சடன் டெத்’.

‘சடன் பிரேக்’ நம் தெருவில் பிறந்து வளர்ந்த சொல். ஆட்டோ, லாரி, மெக்கானிக் ஷெட் எல்லா இடத்திலும் அதுதான். பேச்சில் அதை மாற்றச் சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் புரிகிறதே. எழுத்தில் மட்டும் ‘ஹி புட் சடன் பிரேக்’ வேண்டாம். ‘ஹி பிரேக்ட் சடன்லி’ அல்லது ‘ஹி ஸ்லாம்ட் ஆன் தி பிரேக்ஸ்’ என்று எழுதுங்கள். இரண்டாவதில் காலை ஊன்றி மிதித்த வேகமும் சேர்ந்து வரும்.

ஆள் வருவதிலும் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். ‘விருந்தாளி திடீர்னு வந்துட்டாங்க’ என்பதை ‘தே டர்ன்ட் அப் அன்எக்ஸ்பெக்டட்லி’ என்றோ, ‘தே கேம் வித்தவுட் டெல்லிங் அஸ்’ என்றோ சொல்ல வேண்டும். ‘தே சடன்லி கேம்’ என்றால் காற்றிலிருந்து குதித்து நின்றது போல் கேட்கும். ‘மின்ட் பஸ் ஸ்டாண்டுல பழைய சிநேகிதனைத் திடீர்னு பார்த்தேன்’ என்பதற்கு ‘ஐ ரேன் இன்டு அன் ஓல்ட் ஃப்ரெண்ட்’. ‘ஐ சடன்லி சா ஹிம்’ என்றால், கூட்டத்துக்கு நடுவில் சட்டென்று அவன் முகம் கண்ணில் பட்டது என்று பொருள். அது வேறு கதை.

விடுப்புக் கடிதத்தில் ‘சடன் லீவ்’ என்று எழுதுகிறார்கள். ‘ஐ ஹேட் டு டேக் லீவ் அட் ஷார்ட் நோட்டீஸ்’ என்பதே அலுவலக வழக்கு. ‘டியூ டு சடன் ஃபீவர்’ என்பதைவிட ‘ஐ கேம் டவுன் வித் எ ஃபீவர் லாஸ்ட் நைட்’ நன்றாக இருக்கும். எப்போது வந்தது என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

பக்கத்துச் சொற்கள் சிலவற்றையும் பார்த்துவிடலாம். ‘அப்ரப்ட்லி’ என்பது ஓடிக்கொண்டிருந்ததைப் பாதியில் வெட்டுவது. பேசிக்கொண்டே இருந்தவர் போனை வைத்துவிட்டால் ‘ஹி ஹங் அப் அப்ரப்ட்லி’. கொஞ்சம் மரியாதைக் குறைவும் அதில் ஒட்டியிருக்கும். தொடக்கத்துக்கு ‘சடன்லி’, முறிவுக்கு ‘அப்ரப்ட்லி’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. ‘அன்எக்ஸ்பெக்டட்லி’யில் ஆச்சரியம் மட்டும்தான் இருக்கும், நொடிப்பொழுது என்பது இருக்காது. மூன்று மணி நேரம் இழுத்த கூட்டத்தை ‘அன்எக்ஸ்பெக்டட்லி லாங்’ எனலாம், ‘சடன்லி லாங்’ எனக்கூடாது. ‘இமிடியட்லி’ ஒன்று முடிந்த கையோடு இன்னொன்று நடப்பது. அதில் ஆச்சரியம் இல்லை. விலைவாசிக்கு ‘சடன்லி’யைவிட ‘ஷார்ப்லி’ பொருத்தம். காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறுவது வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடப்பது. எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எவ்வளவு ஏறினாலும் ‘சடன்லி’ ஏறியதாகச் சொல்ல முடியாது. ‘தி பிரைஸ் ரைசஸ் ஷார்ப்லி ட்யூரிங் தி பேன்’ என்று எழுதுங்கள்.

‘ஆல் ஆஃப் எ சடன்’ என்பதும் ‘சடன்லி’தான், பேச்சு வாடை சற்றுக் கூடுதல். நடுவில் இருக்கும் அந்த ‘எ’வை விழுங்கி ‘ஆல் ஆஃப் சடன்’ என்பது நம்மிடம் அதிகம். விழுங்காதீர்கள். ‘சடன்லி ஆல் ஆஃப் எ சடன்’ என்று இரண்டையும் சேர்த்துப் போடுவதும் வேண்டாம்.

கேட்டவர் லாரிப் போக்குவரத்தோடு வேலை பார்ப்பவர் என்பதால் இதையும் சொல்கிறேன். விபத்து அறிக்கையிலும் இன்சூரன்ஸ் படிவத்திலும் ‘சடன்லி’ தனியாக நின்றால் எதற்கும் உதவாது. ‘எ டூ-வீலர் கேம் சடன்லி’ என்று எழுதினால், படிக்கிறவர் உடனே கேட்பார்: எந்தப் பக்கமிருந்து? எவ்வளவு தூரத்தில்? சிக்னல் போட்டாரா? உங்கள் வண்டி என்ன வேகம்? ‘சடன்லி’ என்பது ஓட்டுநரின் திகைப்பைச் சொல்கிறதே தவிர, சாலையில் நடந்ததைச் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, ஓட்டுநர் முன்னால் பார்க்கவே இல்லை என்றும் அதைத் திருப்பிப் படிக்கலாம். ‘எ டூ-வீலர் ஓவர்டுக் தி ட்ரெய்லர் ஃப்ரம் தி லெஃப்ட் வித்தவுட் சிக்னலிங் அண்ட் கட் இன் அபவுட் ஃபைவ் மீட்டர்ஸ் அஹெட்’ என்று எழுதினால் பக்கம், தூரம், சிக்னல் மூன்றும் வந்துவிடும். ‘சடன்லி’ அங்கே தேவைப்படவே இல்லை.

மருத்துவமனையில் நிலைமை நேர்மாறு. அங்கே இந்தச் சொல்லுக்கு எடை அதிகம். ‘டிட் இட் ஸ்டார்ட் சடன்லி ஆர் கிராஜுவலி?’ என்று டாக்டர் கேட்டால், வலி எவ்வளவு கடுமை என்று அவர் கேட்கவில்லை. ஒரு நொடியில் வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதா என்று கேட்கிறார். ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது திடீரென்று வந்தால் பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாகத் தொடங்கிய நேரத்திலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே ‘எஸ், சடன்லி’ என்பதோடு நிறுத்தாமல் மணியையும் சொல்லுங்கள்: ‘இட் ஸ்டார்ட்டட் சடன்லி அட் அபவுட் செவன் திஸ் மார்னிங்’. ரிப்போர்ட்டில் ‘அக்யூட்’ என்று இருந்தால் ‘ரொம்ப மோசம்’ என்று பலர் பயந்துவிடுகிறார்கள். குறைந்த காலத்துக்குள் வந்தது என்பதுதான் அதன் பொருள். அது லேசானதாகவும் இருக்கலாம்.

உச்சரிப்பு. தமிழில் எழுதும்போது ‘சடன்லி’ என்று ‘ச’வில் தொடங்கினாலும் வாயில் ‘ஸ’ வர வேண்டும். அதற்கடுத்த உயிரொலி ‘பஸ்’, ‘கப்’ என்பதில் வருவது. ‘ட’வுக்கு நாம் நாக்கை மடக்கி மேலண்ணத்தில் தட்டுகிறோம். ஆங்கிலத்தில் நாக்கு மடங்காமல் நுனி மட்டும் மேல்பல்லுக்குப் பின்னாலுள்ள மேட்டைத் தொடும். அழுத்தம் முதல் அசையில். இரண்டாவது அசையில் உயிரொலி கிட்டத்தட்டக் காணாமல் போய், நாக்கை எடுக்காமலே ‘ட்’டிலிருந்து ‘ன்’னுக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் வேகமாகப் பேசும்போது அது இரண்டே அசை போலக் கேட்கும். எழுத்துக்கூட்டல்: எஸ், யூ, டபுள் டி, ஈ, என், எல், ஒய். ‘டேபிள்’ தொடங்குகிற எழுத்தை என்னுக்கும் எல்லுக்கும் நடுவே செருகிவிடுவது பரவலான பிழை. ‘அப்பேரன்ட்லி’, ‘ரீசன்ட்லி’ எழுதிப் பழகிய கை அங்கேயும் தானாகவே அதைப் போட்டுவிடும்.